அளவெடுத்துச் செய்யும் அடுக்களை அலமாரி

காளவாசல் என்னுஞ் சொல் சூளையைக் குறிப்பதாகும். மதுரையின் மேற்கே அப்பெயர் பூண்ட இடம் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நாற்சந்தியாய் விளங்குகின்றது. அப்பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படும் குடும்பத்தாருக்கு ஒரு வினா எழுதல் இயல்பு. அடுக்களைச் சுவரை அளந்து மர அலமாரி செய்விப்பதா, அன்றி முன்னிருந்த கடப்பைக்கல் தட்டுகளே போதுமா என்பதே அது. பல்லாண்டுச் சேமிப்பு செலவாகும் காரியமாதலின் ஆராய்ந்து துணிதல் நன்று.

1926-ஆம் ஆண்டில் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்கென ஒரு சிற்றடுக்களையை வகுத்தார். அதன் அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் வீணே நடக்கும் அடிகளைக் குறைத்தலே அவர் நோக்கம். அத்தகைய அடுக்களைகள் சுமார் 10,000 அமைக்கப்பட்டன. அறைகள் திட்டமிட்ட அளவில் எழுந்தமையால் அலமாரிகளையும் ஒரே மாதிரியாகச் செய்ய முடிந்தது. நம் பழைய வீடுகளிலோ சுவர் கோணியும் மூலை சாய்ந்தும் இருத்தலுண்டு. அங்கே கடையில் விற்கும் அலமாரி பொருந்தாது. இடுக்குகளில் அழுக்கும் கரப்பானும் சேரும். அத்தகைய வீட்டுக்கே அளவெடுத்துச் செய்தல் தகும்.

ஆயினும் மூன்று காரியங்களை முன்னரே நோக்க வேண்டும். முதலாவது, சுவரில் ஈரமோ கறையானோ உளதாயின் அதனை நீக்காமல் மரவேலை தொடங்கலாகாது. மரத்தூள் பலகை நீர் பட்டால் உப்பும், ஆதலால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையே தொட்டியருகே ஏற்றது. இரண்டாவது, சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். உருளையை அலமாரிக்குள் வைப்பதாயின் அடியில் காற்றுப்போக்கி இன்றியமையாதது. மூன்றாவது, பூச்சும் குழாயும் மின்கம்பியும் முடிந்த பின்னரே அளவெடுக்க வேண்டும். அரை அங்குலப் பூச்சு கூடினாலும் கதவு இடிக்கும்.

மேடையின் உயரத்தையும் தட்டுகளின் எட்டத்தையும் நாள்தோறும் சமைப்பவரே நின்று பார்த்துச் சொல்லட்டும். தச்சரிடம் அவர் பேசாது பிறர் பேசி முடித்த அடுக்களையில், குனிந்து முதுகு நோவது அவருக்கே.

இவ்வலமாரி தான் பிறந்த சுவருக்கன்றி வேறொன்றுக்குப் பொருந்துவது அரிது. வாடகை வீட்டிலிருப்போரும் விரைவில் இடம் பெயர்வோரும் இதற்குச் செலவிடுதல் வீண். அறை ஒழுங்காயிருந்து கல் தட்டுகளும் உறுதியாயிருப்பின், அவற்றுக்குக் கதவு மட்டும் அமைத்தல் போதும். கல்லைக் கறையான் அரிப்பதில்லை. சொந்த வீடு, கோணிய அறை, உலர்ந்த சுவர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையுமிடத்து அளவெடுத்துச் செய்விக்கலாம். அச்செலவு பயன் தருவதாம்.