கார்புரேட்டருக்கு ஒரு நாற்காலி

புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் காலம் முடிந்துவிட்டது. பழைய வண்டிகளோ ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் இருமலைத் தீர்க்க ஒரு பலகைத் துண்டும் தூக்கியெறிந்த ரப்பரும் போதும்.

தில்லியின் கரோல் பாக், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு. ஊர் எதுவானாலும் காட்சி ஒன்றுதான். குந்தியிருக்கும் மெக்கானிக்கின் இடது உள்ளங்கையில் ஒரு கார்புரேட்டர், வலது கையில் ஸ்க்ரூ டிரைவர். கீழே விரித்த பழைய செய்தித்தாளில் பாகங்கள் சிதறிக் கிடக்கின்றன. கடுகளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளி ஓடினால் வேலை நின்றுவிடும். வாடிக்கையாளரும் சேர்ந்து தரையைத் துழாவுவார். சில நாட்களில் அது கிடைக்கும். பல நாட்களில் சாக்கடைக்குப் போயிருக்கும்.

சக்கரத்தைக் கழற்ற ஸ்டாண்ட் உண்டு. இன்ஜினைப் பிரிக்கவும் ஸ்டாண்ட் உண்டு. ஆனால் வண்டியின் மூச்சையே தீர்மானிக்கும் கார்புரேட்டருக்கு மட்டும் உட்கார இடமில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினால் பெட்ரோல் வழியும் என்ற அளவுக்கு நுணுக்கமான வேலை கையில் பிடித்தபடியே நடக்கிறது. சொந்த வண்டியைத் தாங்களே பழுது பார்க்கும் ஆர்வலர்களும் சில மெக்கானிக்குகளும் இதற்கு வீட்டிலேயே ஒரு விடை கண்டிருக்கிறார்கள். கழிவு மரத்திலும் பழைய உதிரி பாகங்களிலும் உருவாகும் ஒரு சின்ன ஸ்டாண்ட்.

போன காலம், போகாத வண்டி

1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டின் புல்லட், 1961-ல் மைசூரில் உற்பத்தியான ஜாவா, 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று இந்தியச் சாலைகளை ஆண்ட வண்டிகள் எல்லாம் கார்புரேட்டரை நம்பியவை. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமரில் ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் வந்தபோது அது ஒரு ஆடம்பரமாகவே தோன்றியது. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் அமலுக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் ஓரிரு மலிவு மாடல்களில் ஒட்டிக்கொண்டதைத் தவிர, புதிய வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது.

ஆனால் விதி புதிய வண்டிக்குத்தான். பால் கேன்களைச் சுமக்கும் சி.டி. 100-க்கும், மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போகும் பழைய ஸ்ப்ளெண்டருக்கும் கார்புரேட்டர்தான் கதி. இந்த வண்டிக்காரர்களுக்கு இது பழைய பொருள்மீதான மோகம் அல்ல, பிழைப்பு. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. மறுபுறம், புதிய தலைமுறை மெக்கானிக்குகள் ஸ்கேனரைச் செருகிக் கோளாறைப் படிக்கப் பழகிவிட்டார்கள். ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டையைப் பார்த்தே நோயைச் சொல்லும் கைகள் குறைந்துவருகின்றன.

புதிய பெட்ரோல், பழைய ரப்பர்

நிலைமையை இன்னும் சிக்கலாக்கியிருப்பது பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் சீராக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதாவது எத்தனால் கலந்தால், அதே அளவு காற்றுக்கு எரிபொருள் சற்று அதிகமாகப் போக வேண்டும். இஞ்ஜெக்‌ஷன் வண்டிகள் புகைக் குழாயில் உள்ள சென்சாரின் உதவியால் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான் பெட்ரோல். விளைவு: ஏற்றத்தில் திணறல், சூடாகும் இன்ஜின். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த இரு சக்கர வண்டிகளில் இந்த 20 சதவீதக் கலவையால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே கணித்திருந்தது.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கி, உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பழைய ரப்பர் வளையங்கள் உப்பிப்போகும் அல்லது விறைத்துவிடும். ஆகவே கார்புரேட்டரை முன்னைவிட அடிக்கடி பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிக்கும்போதெல்லாம் அதைச் சரியாகப் பிடித்து வைக்க ஓர் இடமும் தேவைப்படுகிறது.

அரை நாள் வேலை

ஸ்டாண்டின் அடித்தளம் 12 மி.மீ. ப்ளைவுட். நீளம் 30 செ.மீ., அகலம் 25 செ.மீ. இருந்தால் தாராளம். அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகளை ஒட்டினால் மேஜையில் வழுக்காது. ஓரங்களில் மெல்லிய ரீப்பர் அடித்தால் ஸ்க்ரூக்கள் உருண்டு ஓடாது. மரத்தின் மேல் வார்னிஷ் பூசுவது வீண். பெட்ரோல் பட்டதும் அது பிசுபிசுக்கும். அதற்குப் பதில் மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடுவது நல்லது. நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டு. சிந்தும் பெட்ரோலும் தவறும் பாகமும் அதில்தான் விழும்.

பின்பக்கம் 20 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகை நிற்க வேண்டும். இதில்தான் ஸ்டாண்டின் சூட்சுமம் இருக்கிறது. இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, இந்தப் பலகையில் இரண்டு போல்ட் போட்டுப் பொருத்துகிறார்கள். வண்டியில் எப்படி உட்காருமோ அப்படியே கார்புரேட்டர் இதில் செருகிக்கொள்ளும். கிளாம்பை முடுக்கினால் ஆடாது. வட்டமான வாய் என்பதால் கிளாம்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி முடுக்கலாம். ஜெட்டுகளைக் கழற்றத் தலைகீழ், பெட்ரோல் மட்டம் பார்க்க நேர். இரண்டு நிலைக்கும் ஒரே ரப்பர்.

போல்ட் போட்டு இறுக்கும் காது உள்ள கார்புரேட்டர்களுக்கு ரப்பர் தேவையில்லை. பலகையில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக நீள்வாட்டில் இரண்டு வெட்டுகள் போட்டால், காதுகளின் இடைவெளி எதுவானாலும் பொருந்தும். பலகையைக் கீழே கீல் வைத்து இணைத்து, பக்கத்தில் ஒரு விங் நட் வைத்தால் சாய்வையும் மாற்றலாம். சில வண்டிகளில் கார்புரேட்டர் சற்றுச் சரிந்தே உட்கார்ந்திருக்கும். அந்தச் சரிவு ஸ்டாண்டிலும் வர வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று இங்கே கைகொடுக்கும்.

கடைசியாக, பெட்ரோல் வரத்து. ஸ்டாண்டின் ஓரத்தில் ஒரு கம்பி நட்டு, கார்புரேட்டருக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் ஒரு சிறிய டப்பாவைத் தொங்கவிட வேண்டும். அதன் அடியில் பழைய வண்டியின் பெட்ரோல் டேப். 100 மி.லி. பெட்ரோல் போதும். பல பட்டறைகளில் ஆஸ்பத்திரி சலைன் பாட்டில்தான் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு நாள் அவசரத்துக்கு அது ஓடும். ஆனால் சலைன் குழாயை பெட்ரோல் விறைக்கச் செய்துவிடும். நாளடைவில் அது வெடிக்கும், இணைப்பிலிருந்து நழுவும். வண்டிக்கு வாங்கும் பெட்ரோல் ஹோஸே பாதுகாப்பு.

மட்டம் சொல்லும் கதை

இத்தனை ஏற்பாடும் எதற்கு? முதல் காரணம், பெட்ரோல் மட்டம். கிண்ணத்துக்குள் இருக்கும் ஃப்ளோட் என்ற மிதவை உயர்ந்ததும் ஒரு சிறு ஊசி வழியை அடைக்கிறது. வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் பந்து வால்வு போலத்தான். மட்டம் அதிகமானால் பெட்ரோல் வழியும், ப்ளக் கறுக்கும். குறைந்தால் வேகத்தில் இன்ஜின் பசியால் தவிக்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகுழாயில் ஒளி ஊடுருவும் ஒரு குழாயைச் செருகி, அதை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். கார்புரேட்டர் சரியான நிலையில் நின்றால்தான் இந்த அளவு உண்மை பேசும். கையில் பிடித்துப் பார்த்தால் பொய் சொல்லும்.

இரண்டாவது, ஒழுகல். டேப்பைத் திறந்து கால் மணி நேரம் அப்படியே விட்டால் போதும். தட்டு காய்ந்திருந்தால் ஊசி நன்றாக அடைக்கிறது. சொட்டு விழுந்தால் ஊசியின் நுனி தேய்ந்திருக்கிறது, அல்லது அது உட்காரும் இடத்தில் தூசி இருக்கிறது. வண்டியில் மாட்டிய பிறகு இது தெரியவந்தால் நஷ்டம் பெரிது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இரவெல்லாம் கசியும் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். சூடான இன்ஜின்மேல் வழிந்தால் தீ விபத்து.

மூன்றாவது, ஜெட்டுகள். ஜப்பானின் கெய்ஹின் முறையில் மெயின் ஜெட்டில் 100 என்று பொறித்திருந்தால் துளை ஒரு மில்லிமீட்டர். பைலட் ஜெட்டின் துளை அதில் பாதிகூட இருக்காது. குண்டூசியோ கம்பியோ விட்டுக் குடைந்தால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். அடைப்பு நீங்கிவிடும், பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை. கம்ப்ரசர் காற்றை அடிப்பதற்கு முன் மிதவையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நசுங்கும்.

பழைய ஜப்பானிய வடிவ கார்புரேட்டர்களின் ஸ்க்ரூ தலைகள் பார்வைக்கு சாதாரண ஸ்டார் போல இருந்தாலும் ஜே.ஐ.எஸ். என்ற வேறு அளவைச் சேர்ந்தவை. வழக்கமான ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக இறங்காமல் வழுக்கித் தலையை மொட்டையாக்கும். கார்புரேட்டர் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும்போது இரண்டு கையையும் கொடுத்து அழுத்தித் திருப்ப முடிவதால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்கிறது.

1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு. அதில் இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டின் ஸ்லைடுகளும் ஒரே சமயத்தில் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிலிண்டர் உழைக்கும், மற்றது சவாரி செய்யும். பலகையில் இரண்டு ரப்பர்களைப் பக்கம் பக்கமாகப் பொருத்தி, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை ஸ்லைடுகளுக்கு அடியில் செருகிக் கேபிளைச் சரிசெய்வது ஆர்வலர்களின் எளிய வழி. கடைசித் திருத்தம் வண்டியில் மாட்டிய பிறகுதான். தொடக்கம் சரியாக இருந்தால் முடிவு சுலபம்.

உயிருக்கு விலை இல்லை

ஸ்டாண்டின் மிகப் பெரிய லாபம் வண்டிக்கு அல்ல, மனிதருக்கு. காலங்காலமாக மெக்கானிக்குகள் பெட்ரோலில் கை கழுவுகிறார்கள், ஜெட்டை வாயில் வைத்து ஊதுகிறார்கள், குழாயை வாயால் உறிஞ்சுகிறார்கள். பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-ல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை இருக்கலாம். உறிஞ்சும்போது சில துளிகள் நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. மேலிருந்து டேப் வழியாகப் பெட்ரோல் தானாக இறங்கும்போது வாய்க்கு வேலையில்லை. கழுவுவதற்கு மண்ணெண்ணெயோ கார்புரேட்டர் கிளீனரோ போதும், கையில் நைட்ரைல் கையுறை இருந்தால் நல்லது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். ஆகவே ஸ்டாண்டைச் சமையலறைப் பக்கமோ, பேட்டரி சார்ஜ் ஆகும் மூலையிலோ, சாமி விளக்குக்கு அருகிலோ வைக்கக் கூடாது. திறந்த வெளி, நிழல், பக்கத்தில் ஒரு வாளி மணல். வேலை முடிந்ததும் டப்பாவில் மிச்சமுள்ள பெட்ரோலை மூடியுள்ள உலோக கேனுக்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டாண்டில் விட்டுவைப்பது அடுத்த நாள் செய்தித்தாளில் இடம்பிடிக்கும் வழி.

மைசூரில் ஜாவா, எஸ்டி வண்டிகளைத் தயாரித்த தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. வண்டிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஜெட்டையும் ஊசியையும் புரிந்துவைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய கையோடு போய்விடக் கூடிய அந்த வித்தையை அருகில் நின்று பார்க்கவும், தொட்டுப் பழகவும் ஒரு பலகை இடம் தருகிறது. உள்ளங்கைக்குள் நடக்கும் வேலையை ஒருவரால்தான் பார்க்க முடியும். மேஜைமேல் நடக்கும் வேலையை நான்கு பேர் சுற்றி நின்று கற்கலாம்.