ஓடுவோர் தசையும் திமிங்கிலத்தின் தசையும்

கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தைக் காப்பாற்றுவதற்கும், நகரத்துச் சாலையில் ஒருவர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்புகள் இரண்டு உண்டு. முதலாவது பொருளைப் பற்றியது. பிரிட்டனில் கடற்பிராணிகளை மீட்கும் பணிக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை நெடுந்தூரம் ஓடுவோர் திரட்டித் தருகின்றனர். இரண்டாவது உடலைப் பற்றியது. பழக்கமின்றி அளவுக்கு மிஞ்சி ஓடுபவரின் தசைக்கு நேரக்கூடிய கேடும், மணலில் கிடக்கும் திமிங்கிலத்தின் தசைக்கு நேரும் கேடும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இதை அறிந்தவர்க்கு, ஓட்டப் பயிற்சி ஏன் மாதக்கணக்கில் நடைபெற வேண்டும் என்பதும், ஒதுங்கிய பிராணியை ஏன் அவசரப்பட்டுக் கடலுக்குள் தள்ளலாகாது என்பதும் ஒருங்கே விளங்கும்.

நிதி திரட்டும் ஓட்டம்

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் வின்ட்ஸர் கோட்டையிலிருந்து விளையாட்டரங்கம் வரை வகுக்கப்பட்ட தூரமே இது. 1921இல் சர்வதேச அளவாக ஏற்கப்பட்டது. பொதுமக்களும் கலந்துகொள்ளும் லண்டன் மராத்தான் 1981 மார்ச் 29ஆம் நாள் முதன்முறையாக நடைபெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற கிறிஸ் பிராஷர், அவருடைய நண்பரும் ஓட்ட வீரருமான ஜான் டிஸ்லி ஆகிய இருவரும் அதை நிறுவினர்.

இவ்வோட்டத்தில் கலந்துகொள்வோருள் மிகப் பலர் வெற்றியை நாடி வருபவரல்லர். ஏதேனும் ஓர் அறப்பணிக்காக ஓடுபவர். ஓடுபவர் தம் உற்றார், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரை அணுகி, தாம் இத்தூரத்தை ஓடி முடிக்க முயல்வதாகவும், அதை முன்னிட்டு இன்ன சங்கத்துக்கு இயன்றதை அளிக்குமாறும் கேட்கிறார். ஒவ்வொருவரும் அளிப்பது சிறு தொகையே. பலர் அளிப்பதால் அது பெருகுகிறது.

இவ்வாறு உதவி பெறும் சங்கங்களுள் ஒன்று ‘பிரிட்டிஷ் டைவர்ஸ் மரைன் லைஃப் ரெஸ்க்யூ’. 1988ஆம் ஆண்டு வட ஐரோப்பியக் கரைகளில் வைரஸ் நோய் ஒன்று பரவி, ஏறத்தாழ 18,000 சீல்கள் மாண்டன. கடல்நாய் என்றும் நாம் கூறும் இப்பிராணிகளுக்கு உதவ முன்வந்த நீர்மூழ்குநர் சிலர் அவ்வாண்டில் இச்சங்கத்தைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற தொண்டர்களே இதன் பலம். காற்றடைத்த மிதவைகள், தூக்குப் படுக்கைகள், மருந்துகள் முதலியவற்றுக்கு வேண்டிய பணத்தை நன்கொடைகளே பெரும்பாலும் அளிக்கின்றன.

தேம்ஸ் நதிக்கு வந்த திமிங்கிலம்

2006 ஜனவரி 20ஆம் நாள், லண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதியில் திமிங்கிலம் ஒன்று காணப்பட்டது. வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஆழ்ந்த நீரில் வாழும் புட்டிமூக்குத் திமிங்கிலம் அது. முழு வளர்ச்சி பெறாத பெண். ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. ஆயிரக்கணக்கானோர் கரைகளில் நின்று பார்த்தனர். மறுநாள் மேற்கூறிய சங்கத்தார் அதை மிதவைகளில் ஏற்றிப் பின்னர் ஒரு பெரும்படகிற் கிடத்திக் கடலை நோக்கிக் கொண்டு சென்றனர். ஆயினும் அன்று மாலையே வழியில் அது இறந்தது.

அதன் உடலை விஞ்ஞானிகள் அறுத்துச் சோதித்தனர். நீர் வற்றியிருந்தது, தசைகள் சிதைந்திருந்தன, சிறுநீரகங்கள் செயல் குன்றியிருந்தன. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. திமிங்கிலம் தனக்கு வேண்டிய நீரைத் தான் உண்ணும் கணவாய் முதலிய இரையிலிருந்தே பெரும்பாலும் பெறுகிறது. தேம்ஸ் நதியில் அதற்கு இரை இல்லை. எனவே நீரும் இல்லை. தசையும் சிறுநீரகமும் கெட்டது எவ்வாறு என்பதை அறிய, தசையின் நிறத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

தசையின் சிவப்பு

தசைக்குச் சிவப்பு நிறம் தருவது மயோகுளோபின் என்னும் புரதம். இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவைத் தசைக்குள் சேமித்து வைப்பது அதன் வேலை. நெடுநேரம் மூச்சடக்கி மூழ்கும் திமிங்கிலங்களின் தசையில், நிலவாழ் பிராணிகளின் தசையிற் காணப்படுவதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு மயோகுளோபின் உண்டு. ஆகையால் அத்தசை கருஞ்சிவப்பாகத் தோன்றும். கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ஜான் கெண்ட்ரூ, ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை முதன்முதலில் 1958இல் வெளியிட்டபோது, அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபினே. 1962இல் அவருக்கும் மாக்ஸ் பெருட்ஸுக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தசைக்குள் இருக்கும்வரை மயோகுளோபின் நன்மையே செய்யும். தசை இழைகள் உடைந்து அது இரத்தத்திற் கலந்தால், சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைத்துக் கெடுக்கும். மனிதரிடம் இது தெளிவாக அறியப்பட்டதும் லண்டனில்தான். 1941இல், வான் தாக்குதலில் இடிந்த கட்டடங்களின் கீழ் அகப்பட்டுப் பல மணி நேரத்துக்குப்பின் மீட்கப்பட்டவர்களுள் சிலர், முதலில் தேறியவர்போல் காணப்பட்டுச் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டதை பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர் இருவர் விவரித்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட மயோகுளோபின் இக்கேட்டிற்கு முக்கிய காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

கரையில் கிடக்கும் திமிங்கிலத்துக்கு அதன் சொந்த உடலே இடிந்த சுவராகிறது. நீரில் மிதக்கையில் நீரே அதன் எடையைத் தாங்குகிறது. தரையில் அவ்வெடை முழுவதும் அடிப்புறத் தசைகளை அழுத்துகிறது, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, தசை சிதைகிறது. மீண்டும் நீரில் விடப்பட்டதும், சிதைந்த தசையிலிருந்து நச்சுப் பொருள்கள் உடலெங்கும் பரவக்கூடும். நீந்திச் சென்றது எனக் கண்டு நாம் மகிழ்ந்த பிராணி, சில நாட்களில் நாமறியாது ஆழ்கடலில் இறக்கலாம்.

நான்கு மாதப் பயிற்சி

ஓடுபவருக்கும் இவ்வபாயம் உண்டு. பழக்கமில்லாத உடலை ஒரே நாளில் மிகுதியாக வருத்தினால் தசை இழைகள் உடைகின்றன. கடும் வெப்பமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆனால் மனிதருக்கு ஒரு நற்பேறு உண்டு. ஒரு முறை மிதமாக உழைத்த தசை, அடுத்த முறை அதே உழைப்பால் குறைந்த அளவே சேதமுறுகிறது. இப்பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். பயிற்சி என்பதன் அடிப்படை இதுவே.

ஐந்து கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்குப் பதினாறு வாரப் பயிற்சி தகும். வாரத்தில் நான்கு நாட்கள் ஓடவும், ஏனைய நாட்களில் ஓய்வெடுக்கவும் அல்லது நடக்கவும் வேண்டும். நான்கில் ஒரு நாள் நெடிய ஓட்டம். முதல் வாரம் எட்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டராக உயர்த்தலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைக்க வேண்டும். பதின்மூன்றாம் வாரத்தில் நெடிய ஓட்டம் முப்பது கிலோமீட்டரை எட்டும். இறுதி மூன்று வாரங்களில் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும். உடன் ஓடுபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகமே பெரும்பாலான நாட்களுக்குப் போதும்.

இக்காலத்தில் தசையினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உணவை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. இருதயமும் தசையும் சில வாரங்களில் பலமடைகின்றன; எலும்பும் தசைநாண்களும் அவ்வளவு விரைவில் பலமடைவதில்லை. மூச்சு இடங்கொடுக்கிறதே என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவர் காலெலும்பில் மெல்லிய முறிவு கண்டு வருந்துவது இதனாலேயே.

மராத்தானின் இறுதிப் பகுதி கடினமானதற்குக் காரணம் வேறு. உடலில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் ஏறத்தாழ 500 கிராம் அளவே சேமிப்பாக உண்டு. இது சுமார் 2,000 கலோரி தரும். 60 கிலோகிராம் எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி தேவை. எஞ்சியதைக் கொழுப்பே தரவேண்டும். நெடிய ஓட்டங்கள் கொழுப்பை எரிக்க உடலைப் பழக்குகின்றன. வழியில் வாழைப்பழம், சர்க்கரை நீர் முதலியன உட்கொள்வதும் உதவும்.

தண்ணீரில் குறைவும் தீது, மிகையும் தீது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் நீர் பருகியதே முக்கிய காரணம். தாகத்துக்கு ஏற்பப் பருகுவதே நலம். நம் நாட்டின் வெப்பத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். வலி நீக்கும் மாத்திரைகளை உண்டு ஓடுதல் சிறுநீரகத்துக்குத் தீங்கு தரும். ஓட்டத்துக்குப்பின் தசை தாங்கொணாது வலித்து, சிறுநீர் கட்டைத் தேநீர் நிறத்தில் வெளிப்பட்டால், தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே விளக்கலாம். மாணவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஒரு நிமிஷ நாடித்துடிப்பை எண்ணிக் குறிக்கட்டும். மைதானத்தை இருமுறை மெல்ல ஓடிவந்தவுடனும், இரு நிமிஷம் கழித்தும் மீண்டும் எண்ணட்டும். வாரத்துக்கு மூன்று நாட்களாக ஆறு வாரம் ஓடியபின் இதையே செய்தால், ஓய்வில் துடிப்பு விரைவாகத் தணிவதைப் பெரும்பாலோரிடம் காணலாம்.

கரையில் செய்யத்தக்கவை

நம் நாட்டுக்கும் இச்செய்தி அயலானதன்று. 1973 ஜனவரியில் திருநெல்வேலிச் சீமையின் மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரைப்பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவரும் அலுவலரும் அரும்பாடுபட்டுக் கடலுக்குள் இழுத்து விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பும் இதற்கு ஒரு காரணம். கடற்கரைப் பகுதிகளில் பணியாற்றுவோர் பின்வருவனவற்றை நினைவில் வைத்தல் வேண்டும்.

(1) முதலில் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் செய்தி அனுப்புக. திமிங்கிலம், ஓங்கல், கடற்பசு ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை.

(2) மருத்துவர் பார்க்குமுன் கடலுக்குள் தள்ளற்க. வாலையோ துடுப்பையோ பற்றி இழுக்கவும் கூடாது.

(3) பிராணியை வயிறு கீழாக நிமிர்த்தி வைக்க. துடுப்புகளின் கீழ் மணலைப் பறித்துப் பள்ளம் செய்தால் அழுத்தம் குறையும்.

(4) நனைந்த துணியால் மூடி நீர் தெளித்து, நிழல் அமைக்க. தலையின் மேலுள்ள மூச்சுத் துளையைத் துணியாலும் நீராலும் மறைக்கலாகாது.

(5) கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி, அமைதி காக்க.

தேம்ஸ் திமிங்கிலத்தின்மேல் நீர் தெளிக்கப் பயன்பட்ட சிவப்புப் பூவாளி ஒன்று பின்னர் ஏலத்தில் 2,000 பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. அப்பணம் மீட்புச் சங்கத்துக்கே சென்றது. பூவாளியும், ஈரத் துணியும், மண்வெட்டியும் நம் கடற்கரைக் கிராமங்கள் அனைத்திலும் உண்டு. அவற்றை எப்போது, எவ்வாறு கையாள்வது என்ற பயிற்சிதான் வேண்டும். ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடத்தும் கடற்கரைப் பள்ளிகள், ஒரு நெடிய ஓட்டத்தையும் அதனோடு ஒரு நாள் மீட்புப் பயிற்சியையும் சேர்த்து நடத்தலாம். ஓட்டத்தால் கிடைக்கும் சிறு தொகை அப்பயிற்சிக்கு உதவும். திமிங்கிலம் ஒதுங்கும் நாள் முன்கூட்டித் தெரிய வருவதில்லை. ஆகையால் ஆயத்தம் அதற்கு முன்பே முடிந்திருத்தல் வேண்டும்.