பட்டம் கொடுத்தால் கட்டடம் பிழைக்குமா?

டிசம்பர் 6 நெருங்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் 1806-ல் திறக்கப்பட்ட நாள் அது. இந்தக் கட்டடத்தைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பலவும் ஒரே கேள்வியில் முட்டி நிற்கின்றன: “தேசிய வரலாற்றுச் சின்னமாக அரசு அறிவித்துவிட்டதே, பிறகென்ன கவலை?”

கவலையே அந்த அறிவிப்பில்தான். அது வெறும் மரியாதைப் பட்டம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், சின்னத்துக்கு என்ன கேடு வரும் என்று பணமோ அனுமதியோ தரும் துறை முன்கூட்டியே ஆராய வேண்டும், ஆலோசனை கேட்க வேண்டும். கேட்டபின் நினைத்தபடி செய்யத் தடையில்லை. தனியார் உரிமையாளர் சொந்தச் செலவில் இடித்தாலோ, மத்தியச் சட்டம் கைகட்டி வேடிக்கை பார்க்கும். ‘பாதுகாக்கப்பட்டது’ என்று அரசு அறிக்கை சொன்னால், பட்டியலில் ஏறியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல் உள்ள சட்டம் உள்ளூரில் இருக்கிறது. தெருவிலிருந்து தெரியும் சுவரைத் தொடக்கூட கட்டடம் நிற்கும் பகுதியான பீக்கன் ஹில்லின் கட்டடக்கலை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அதன் அதிகாரம் வாசலோடு முடிகிறது. வாசலுக்கு மேலே, கட்டடத்துக்காக முதலில் முயன்றவர் என்று கேட்டோ கார்டனரின் பெயர் பொறித்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்த அவர், செலவான 7,700 டாலரில் 1,500-ஐத் தாமே திரட்டினார். 1832 ஜனவரி 6 அன்று, கீழ்த்தளப் பள்ளி அறையில் அடிமைமுறை எதிர்ப்பாளர் வில்லியம் லாயிட் கேரிசனும் தோழர்களும் நியூ இங்கிலாந்து அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1860-ல் பாஸ்டனின் டிரெமான்ட் டெம்பிள் அரங்கில் கும்பல் புகுந்து அடிமைமுறை எதிர்ப்புக் கூட்டத்தைக் கலைத்தபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பேச்சாளர் ஃபிரடெரிக் டக்ளஸ் அன்றிரவு இங்கே வந்துதான் பேசினார். இத்தனை நடந்த உட்புறத்தைக் காத்தது எந்தப் பட்டமும் அல்ல, உரிமையாளர்தான். 1972-ல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே தீ கூரையைத் தின்றது. பட்டம் வந்தது அதற்கும் பிறகு, 1974-ல்.

கடிதங்களில் இருந்த மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

தேவாலயமா, பள்ளியா? இரண்டும், மக்கள் கூடும் மன்றமும்கூட.

இடையில் யூதர்களின் தொழுகைக்கூடமாக இருந்ததா? ஆம், 1904 முதல்.

சீரமைப்பு முடிந்தது எப்போது? 2011-ல், சுமார் 90 லட்சம் டாலர் செலவில்.

ஏன் 1806-ன் தோற்றம் இல்லை? 1855-ல் புதுப்பித்த வடிவத்துக்கே மீட்டார்கள்.

நாந்துக்கெட் தீவில் இருப்பது? அது வேறு கட்டடம். உரிமை இதே அருங்காட்சியகத்துக்கு.

பாஸ்டனில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அருங்காட்சியகம் இருக்கும் ஜாய் தெருவுக்குப் போய், நுழைவுச் சீட்டு வாங்கி, உள்ளே சென்று பாருங்கள். அடுத்த முறை கூரை பழுதானால் செலவு செய்ய வேண்டியது அந்த அருங்காட்சியகம்தான்.