மலை வீட்டு அடுப்படிக்கு மரவேலை

ஏற்காட்டில் புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைச் சீர் செய்கிறவர்களும் சேலத்துக்கு இறங்கிப்போய் மாடுலர் கிச்சன் கடைகளைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பளபளக்கும் ஷட்டர், தொட்டால் நகரும் டிராயர், மூலையில் சுழலும் தட்டு. சமவெளியில் அவை நன்றாகவே உழைக்கும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்தால் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிற மலை இது. ஓர் அடைமழைக் காலம் போதும், பார்ட்டிகிள் போர்டின் விளிம்பு ஊதிவிடும். அப்புறம் கீலின் திருகு பிடிப்பை விடும்.

தலைச்சோலையில் ஆகட்டும், சேர்வராயன் மலையின் வேறெந்த ஊரில் ஆகட்டும், சின்ன அடுப்படியைச் சீராக்க நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மரவேலையில் முதல் செலவு காற்றோட்டத்துக்கு. அழகு அதற்கு அடுத்தது.

இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஈரத்தோடு மல்லுக்கட்டுவது புதிதல்ல. பழைய பாணி வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, சாமையையும் விதைத் தானியத்தையும் வைப்பார்கள். சூடும் புகையும் மேலேறித் தானியத்தை உலர்த்தும், வண்டு அண்டாது. அந்தப் புகை பெண்களின் நெஞ்சைக் கெடுத்தது. 2016இல் தொடங்கிய உஜ்வலா போன்ற திட்டங்களால் கேஸ் அடுப்பு வந்தது பெரிய விடுதலை. ஆனால் புகையோடு சேர்ந்து, கூரைவரை ஏறி மரத்தை உலர்த்திய சூடும் போய்விட்டது. ஈரமோ போகவில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளிப்படுகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டர் கேனுக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாக அடுப்படியில் கலக்கிறது. சோறும் குழம்பும் கொதிக்கும் ஆவி தனி.

அந்த ஆவி எங்கே போகும்? மழையில் நனைந்து குளிர்ந்த வெளிச்சுவரில் வியர்த்து இறங்கும். சுவரோடு ஒட்டி அடித்த அலமாரியைக் கழற்றிப் பாருங்கள்: பின்பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளி, விரலால் அழுத்தினால் அமுங்கும். இதற்கு மருந்து ஓர் அங்குல ரீப்பர் கட்டை. சுவரில் கட்டைகளை மேலும் கீழுமாக நிறுத்தி அடித்து, அதன்மேல் அலமாரியை மாட்டினால் பின்னால் காற்று கீழிருந்து மேலே ஓடும். தரை அலமாரியை நாலு அங்குலம் தூக்கி பிவிசி கால்களில் நிறுத்தலாம். முழுப் பலகைக் கதவுக்குப் பதில் சட்டம் போட்டு வலை அடிக்கலாம். அந்தக் காலத்தில் பால், தயிர் வைத்த வலை அலமாரி இங்கே இன்றைக்கும் செல்லும்.

பலகைக்கு முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துப் பின்பக்கத்தை அப்படியே விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு பக்கம் ஈரம் குடிக்க, மறுபக்கம் குடிக்காமல் இருக்க, பலகை வளைந்துவிடும். உள்பக்கம், வெட்டிய விளிம்பு, திருகு ஓட்டை எல்லாவற்றுக்கும் பிரைமர் வேண்டும். பிளைவுட் வாங்குவதானால் ஐ.எஸ். 710 முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் ரகம் அது.

ஆனால் எல்லாவற்றுக்கும் பிளைவுட் எதற்கு? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். இன்று காபித் தோட்டங்களின் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் சில்வர் ஓக் ஓங்கி நிற்கிறது. இலேசான மரம், இழைத்தால் அழகான ரேகை தெரியும். தட்டு, டிராயர், கதவுச் சட்டம் எல்லாவற்றுக்கும் போதும். பச்சை மரத்தை அறுத்த கையோடு அடித்தால்தான் கெட்ட பெயர் வாங்கும். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். வண்டு துளைக்காமலிருக்க வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்க வேண்டும். மரம் வெட்டுவதற்கு முன் வனத்துறையின் அனுமதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் குறைவு என்று மனம் தளர வேண்டாம். 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் வரைந்த சமையலறை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும்தான். மாவுப் பெட்டியைப் புழு அண்டாத ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். நம் சில்வர் ஓக் அந்த ஓக் அல்ல, ஆஸ்திரேலிய மரம். பூச்சியைத் தானாக விரட்டாது. பொருளுக்கேற்ற மரம் என்ற அவருடைய அக்கறைதான் நமக்கு வேண்டியது.

எஸ்டேட் லைன் வீட்டு அடுப்படிக்குக்கூட இரண்டு வேலைகள் உடனே பலன் தரும். ஒன்று, கடப்பா கல் தட்டின்மேல் இழுக்கும் பெட்டி. ஒன்றரை அடி ஆழத் தட்டில் பின்னால் போன டப்பா போனதுதான். அடியில் சேனல் வைத்த பெட்டி அதை முன்னால் கொண்டுவரும். இன்னொன்று, சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகை. காய் நறுக்க விரித்து, முடிந்ததும் மடக்கிவிடலாம். அதன் உயரம் சமைப்பவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்கட்டும். தச்சரின் வழக்கமான அளவுக்கு விட்டுவிடாதீர்கள். அடுப்படியில் நிற்கிறவரை நிறுத்தி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சிலிண்டரை அழகுக்காக இறுக மூடிய பெட்டிக்குள் அடைக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். கதவு வைத்தே ஆகவேண்டுமென்றால் அடிப்பாகத்தில் தாராளமாகத் திறப்பு விடுங்கள்.

தையிலிருந்து சித்திரைக்குள் இந்த வேலைகளை முடிப்பது நல்லது. கோடையில் டிராயரை இறுக்கமாகப் பொருத்தினால் மழைக்காலத்தில் மரம் பருத்து இழுக்க வராது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் கூரை ஒழுக்கையும் சுவர்க் கசிவையும் அடைத்துவிடுங்கள். ஈரச் சுவரில் எவ்வளவு நல்ல தச்சர் செய்த வேலையும் நிற்காது.