மின்மிதிவண்டியின் வேக வரம்பு: எண்ணை ஏற்றினால் மேட்டில் வேகம் கூடுமா?



'நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவி' என்று படிவம் 5 மாணவர்களுக்கு விளக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். முக்கால்வாசிப் பேர் கைப்பேசியைப் பற்றி எழுதினார்கள். திரிங்காப்பிலிருந்து வரும் ஒரு மாணவர் மட்டும் தன் மின்மிதிவண்டியைப் பற்றி எழுதியிருந்தார். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: 'மின்மிதிவண்டியின் வேக வரம்பை 25இலிருந்து 45ஆக மாற்றிவிட்டால் மேட்டில் வேகமாக ஏறலாம்.'

சந்திப்பிழை இல்லை, ஒருமை பன்மை மயக்கம் இல்லை. மொழிக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். ஆனால் வாக்கியம் சொல்லும் செய்தி தவறு. கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குனா போதும் டீச்சர், நான் போன மாசமே மாத்திட்டேன்" என்றார். தினமும் அந்த வண்டியில்தான் இறங்கி வருகிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு முடிக்கக்கூடிய பிழை இல்லை இது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், வண்டிக்குத் தன் வேகம் எப்படித் தெரிகிறது? கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரைக்குச் சாலையும் தெரியாது, மேடு பள்ளமும் தெரியாது. சக்கரம் ஒரு நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மட்டும்தான் தெரியும். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், பக்கத்தில் ஓர் உணரி இருக்கும். சில வண்டிகளில் உணரி மோட்டாருக்குள்ளேயே இருக்கும். காந்தம் ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று என்று கணக்கு. அந்தச் சுற்றைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் வேகம் வந்துவிடும்.

26 அங்குலச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர், சுற்றளவு 207 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 6.94 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றும். சுற்று அந்த எண்ணிக்கையைத் தொட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து நிறுத்திவிடும். வேக வரம்பு செய்யும் வேலை இவ்வளவுதான். அது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. தள்ளுவதை மட்டும் நிறுத்துகிறது. என் மாணவரின் கட்டுரையில் விடுபட்டது இந்த வேறுபாடுதான்.

இந்த எண்ணை மாற்றுவது பெரிய ரகசியமும் இல்லை. பல மலிவுவிலை வண்டிகளின் திரையில் கூட்டல், கழித்தல் பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் அமைப்புப் பட்டியல் திறக்கும். பரவலாக விற்கும் ஒரு வகைத் திரையில் பி06 என்பது சக்கர அளவு, பி07 காந்தங்களின் எண்ணிக்கை, பி08 வேக வரம்பு. வேறு திரையில் வேறு எண்கள் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. பெரிய நிறுவனங்களின் வண்டிகளில் வரம்பு மென்பொருளுக்குள் பூட்டியிருக்கும், பயனீட்டாளர் மாற்ற முடியாது.

சரி, பி08ஐ 45 ஆக்கியாயிற்று. இனி மேட்டில் என்ன நடக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணிதம், இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் 60 கிலோ, வண்டி 25 கிலோ, மொத்தம் 85 கிலோ. இந்த எடையை அந்தச் சாய்வில் மேலே தள்ள ஏறக்குறைய 67 நியூட்டன் விசை வேண்டும். டயர் உருள்வதற்கான உராய்வு இன்னொரு 8 நியூட்டன். ஆகமொத்தம் 75. இதே ஏற்றத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால், 75ஐ 6.94ஆல் பெருக்குங்கள்: 520 வாட். எதிர்காற்றைச் சேர்த்தால் 600ஐத் தாண்டிவிடும்.

கையில் இருப்பது என்ன? மோட்டார் 250 வாட். கால் உழைப்பு, சாதாரண மனிதருக்குத் தொடர்ந்து 100 வாட் என்று வைக்கலாம். மொத்தம் 350. அதற்குக் கிடைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 250 வாட் என்பது மோட்டார் சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு; கொஞ்ச நேரத்துக்கு 400 வாட் வரை தரும் என்றே வைத்துக்கொண்டாலும் 20ஐத்தான் தொடும். அதாவது, ஏற்றத்தில் வண்டி 25 என்ற வரம்பை எட்டவே இல்லை. எட்டாத வரம்பை 45 ஆக்கினால் என்ன, 450 ஆக்கினால் என்ன? தாழ்வாரம்கூட முட்டாத ஆள் கூரையை உயர்த்திக் கட்டிய கதைதான்.

இப்போது அதே சாலையில் திரும்பி இறங்குவோம். மிதிக்க வேண்டாம், மோட்டாரையும் அணைத்துவிடுங்கள். புவியீர்ப்பு மட்டும் இழுக்கிறது. பிரேக் பிடிக்காமல் விட்டால், காற்றின் தடை ஈடுகொடுக்கும் வரை வேகம் கூடிக்கொண்டே போய் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டரில் நிற்கும். வரம்பு 25 என்று இருந்தாலும் இதே 45தான். இதைப் பலர் நம்புவதில்லை. "வரம்பு 25தானே, அதுக்கு மேல போகாது" என்று நினைத்து இறக்கத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்மிதிவண்டிகளில் அதிகமாக வரும் பற்சக்கர மோட்டார், முன்னால் தள்ளும், பின்னால் இழுக்காது. லோரி இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதுபோல இதில் செய்ய முடியாது.

ஆக, ஏற்றத்தில் வரம்பு தேவைப்படவில்லை, இறக்கத்தில் வரம்பு வேலை செய்யவில்லை. சமதரையில் மட்டும்தான் அந்த எண்ணுக்கு வேலை. பிரிஞ்சாங்கிலிருந்து கியா பண்ணை, திரிங்காப், கோல தெர்லா வழியாகக் கம்போங் ராஜா போகும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே சமதரை எவ்வளவு என்று! இருக்கிற கொஞ்சநஞ்சமும் கடைத்தெரு. அங்கேதான் காய்கறி லோரி நிற்கும், சுற்றுலாப் பேருந்து திரும்பும், கார்க்காரர் சாலையோரம் சோளத்தைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் அடிப்பார். வரம்பை ஏற்றியவருக்கு வேகம் கிடைப்பது, வேகம் இருக்கவே கூடாத அந்த இடத்தில்தான்.

நிறுத்தும் தூரத்தையும் பார்த்துவிடுவோம். பார்த்து, புரிந்து, பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. பிறகு காய்ந்த சமதரையில் நல்ல பிரேக். 25 வேகத்தில் வரும் வண்டி நிற்க மொத்தம் 13 மீட்டர் வேண்டும். 45இல் 32 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. தூரம் இரண்டரை மடங்கு. பிரேக் தாங்கவேண்டிய ஆற்றலோ 3.24 மடங்கு, ஏனென்றால் அது வேகத்தின் இருமடிப்படி கூடும். இது காய்ந்த சாலைக்கு. கேமரன் மலை மழையும் மூடுபனியும், லோரிச் சக்கரத்திலிருந்து விழுந்த தோட்டத்து மண்ணும் சேர்ந்தால் கணக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அது மிதிவண்டி. தாண்டினால் மோட்டார் வண்டிக்குரிய சட்டம். இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின் இருசக்கர வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டாம். அந்தச் சலுகைக்காக 25 என்று வாங்கி, பிறகு கடையிலேயே பூட்டைத் திறந்து ஓட்டுகிற பழக்கம் அங்கே பெரிய தலைவலி. ஜப்பானில் வேறு மாதிரி: 10 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து 24இல் முழுதாக நின்றுவிடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 32, ஒரு வகைக்கு மட்டும் 45.

பக்கத்துச் சிங்கப்பூர்தான் கண்டிப்பானது. 250 வாட், 25 கிலோமீட்டர், 20 கிலோ எடைக்கு மேல் கூடாது. மிதித்தால்தான் மோட்டார் ஓடவேண்டும். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடியை முறுக்கி ஓட்டும் வசதி கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் எண் பலகையும் வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஓட்டுநர் கோட்பாட்டுத் தேர்வு எழுதித் தேறியிருக்கவும் வேண்டும்.

நம் நாட்டில், மின் ஸ்கூட்டர் போன்ற நுண்வாகனங்களைச் சாலையில் ஓட்டுவதை 2021ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்துவிட்டன. மின்மிதிவண்டியின் வரம்பை உயர்த்தி அது மோட்டார் சைக்கிள் என்று கருதப்படும் நிலைக்குப் போய்விட்டால், ஜே.பி.ஜே. பதிவு, காப்புறுதி, பி2 உரிமம் எல்லாம் கேள்விக்கு வரும். விபத்து நேர்ந்தால் "நான் சைக்கிள்தான் ஓட்டினேன்" என்பது எடுபடாது. பெற்றோரிடம் இதைச் சொன்னால் காதில் விழுகிறது. பிரேக் கணக்கைச் சொன்னால் விழுவதில்லை. என் அனுபவம் அது.

மறுபடி என் மாணவரிடம் வருகிறேன். இவ்வளவும் சொன்ன பிறகு அவர் கேட்டது: "அப்படின்னா எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இறக்கத்துல 35தான் காட்டுது? 45 வரலையே?" எனக்கும் பதில் தெரியவில்லை. மாலையில் பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பார்த்தோம். திரை புதிது, பழையது மழைநீர் புகுந்து கெட்டுப்போனதால் இணையத்தில் வாங்கி மாட்டியிருந்தார். பி06இல் சக்கர அளவு 20 அங்குலம் என்று இருந்தது. வண்டியில் இருந்ததோ 26 அங்குலச் சக்கரம்.

26ஐ 20ஆல் வகுத்தால் 1.3. திரை 35 காட்டியபோதெல்லாம் அவர் உண்மையில் 45இல் இறங்கிக்கொண்டிருந்தார். வரம்பு 25 என்று இருந்த நாள்களில்கூட மோட்டார் 32 வரை தள்ளியிருக்கும். மீட்டர் பொய் சொல்லியிருக்கிறது. அவர் அதை நம்பி வளைவுகளில் பிரேக் பிடித்திருக்கிறார். பி08ஐ மாற்றியதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதை அவர் தெரிந்து செய்தார், இது தெரியாமலே நடந்தது.

அன்றே பி06ஐ 26 ஆக்கினோம், பி08ஐ 25க்குத் திருப்பினோம். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் உடனே நிற்கிறதா என்றும் சோதித்தோம். பிரேக் பிடியில் அதற்கென ஒரு மின்கம்பி இருக்கும். புதுப் பாகம் மாட்டும்போது சிலர் அதை இணைக்காமல் விட்டுவிடுவார்கள். இவர் வண்டியில் இணைந்திருந்தது, நல்லவேளை. மேட்டுக்கு உண்மையில் உதவுவது வேறு: உதவி நிலையைக் கூட்டி, பல்லிணையைக் குறைத்து, கால் நின்றுபோகாமல் மிதிப்பது. மெதுவாக முக்கி ஏறினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் இரு மடங்கானால் மோட்டார்ச் சுருளில் வெப்பம் நான்கு மடங்கு. மோட்டார் கருகுவது பெரும்பாலும் அப்படித்தான்.

கட்டுரையைத் திருத்தி எழுதச் சொன்னேன். இரண்டாவது வரைவில் அந்த வாக்கியம் இப்படி மாறியிருந்தது: 'வேக வரம்பு என்பது மோட்டார் எந்த வேகம் வரை உதவும் என்பதைக் குறிக்கும் எண்ணே தவிர, வண்டி எந்த வேகம் வரை போகும் என்பதைக் குறிக்கும் எண் அன்று.' விளக்கக் கட்டுரையில் நான் தேடுவது இந்த மாதிரி வாக்கியத்தைத்தான். 'வேகம்', 'வேக வரம்பு', 'ஆற்றல்', 'விசை' நான்கையும் ஒன்றின் இடத்தில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இதை எழுத முடியாது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. மிதிவண்டி எதுவானாலும் சரி. டயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, சக்கரத்தைச் சரியாக ஒரு சுற்று உருட்டி, மறுபடி தரையில் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் சுற்றளவு. அதை வைத்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்று கண்டுபிடித்து, செய்த முறையை 120 சொற்களில் எழுதுங்கள். மின்மிதிவண்டி வைத்திருப்பவர்கள் திரையில் உள்ள சக்கர அளவையும் கூடவே குறித்துக்கொண்டு வரவும்.