மணலூர் மணியம்மையை மேடையேற்றுவோம்

பள்ளி ஆண்டுவிழாவில் மாணவி ஒருத்தி மீசை ஒட்டிக் கட்டபொம்மனாக வந்தால் கைதட்டுகிறோம். 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் பண்ணையாள் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். மேடையிலும் திரையிலும் பெண் ஆண் வேடம் போடுவது நமக்குப் புதிதல்ல. வேடம் போடாமலேயே, கிராப்புத் தலையும் வேட்டி சட்டையுமாக வாழ்ந்த மணலூர் மணியம்மையை நம் மாணவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியாரின் துணைவியார் மணியம்மையார் வேறு, இவர் வேறு. கீழத்தஞ்சை மணலூரில் பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைக்கோலம் வேண்டாம் என்று உதறினார். சிலம்பம் கற்றார். காங்கிரசில் தொடங்கி, பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, பண்ணையாட்களுக்காகப் போராடினார். 1953-ல் மான் முட்டி இறந்தார். அவர் வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலாக எழுதினார்.

இவர் கதையை நாடகமாக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, உடை. வேட்டியோடு மணியம்மை மேடைக்கு வந்ததும் விசில் பறக்கும், சிரிப்பு எழும். அதை நம்பிக் காட்சி அமைத்தால் நாடகம் அங்கேயே செத்துவிடும். நம் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலைக்கும் பட்டாசு வேலைக்கும் சேலைக்கு மேல் ஆண் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. வேலைக்காகப் போட்டால் வழக்கம், தன் விருப்பத்துக்குப் போட்டால் கேலி என்றால் தவறு சட்டையில் இல்லை. அவருக்கு இன்றைய பெயர் எதையும் ஒட்டவும் வேண்டாம். அவர் வாழ்ந்தபடி காட்டினால் போதும்.

இரண்டாவது, சேரி மக்கள். காப்பாற்ற வந்த மேல்சாதிப் பெண் நடுவில் நிற்க, பண்ணையாட்கள் பின்னால் கூட்டமாக நின்று அழும் நாடகம் நமக்கு வேண்டாம். சவுக்கடி, சாணிப்பால் கொடுமைகளை அனுபவித்தவர்கள் அவர்கள். செங்கொடிச் சங்கத்தில் திரண்டு நின்றவர்களும் அவர்களே. 1944-ல் பண்ணையார்களோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அந்தத் தண்டனைகளை ஒழிக்க வைத்தது அவர்களின் போராட்டம். ஆகவே அவர்களுக்குப் பெயரும் வசனமும் வேண்டும்.

இந்த இரண்டையும் இணைக்கும் கயிறு சாதி. சாதியைக் காப்பாற்றத்தான் குழந்தை மணமும் கட்டாய விதவைக்கோலமும் உருவாயின என்று அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் விளக்கினார். விதவையின் தலையை மழித்ததும், பண்ணையாள் தோளில் துண்டு போடக்கூடாது என்று தடுத்ததும் ஒரே கை. மணியம்மை தானே விரும்பி வைத்த கிராப்பையும், பண்ணையாள் துணிந்து தோளில் போட்ட துண்டையும் ஒரே காட்சியில் காட்டுங்கள். பார்ப்பவர்களுக்கு அம்பேத்கர் சொன்னது தானாக விளங்கும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு, ஒரு சிலம்பக் கம்பு போதும். ஊர்ச் சாவடி முன்பாகவோ பள்ளி மைதானத்திலோ நடத்தலாம். சிலம்பம் ஆடுகிற பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற அக்காமார்களையும் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். பண்ணையாள் பெண்ணின் வசனம் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நாடகம் பார்க்க வருகிற கூட்டத்தில், நடை பெண்மாதிரி என்றோ முடி ஆண்மாதிரி என்றோ தினமும் கேலிப்படும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகவேண்டும்.