கேட்டுக்கு வெளியே, பெட்டிக்கு உள்ளே

1918-இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, பத்து நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு அப்போது அரை மணி நேரம்தான் இடைவேளை. கைகால் கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, நாலு வாய் சாப்பிட்டு, மறுபடி தறிக்கு முன்னால் வந்து நிற்க அது போதவில்லை. நாற்பது நிமிடமாக்குங்கள் என்றார்கள். அதைச் சொல்ல மில்லுக்குள் ஓர் இடம் கிடையாது. ஆகவே அந்தப் பேச்சு வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் அதை பி.பி. வாடியா என்ற தலைவரிடம் கொண்டுபோனார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பத்து நிமிடமும் கிடைத்தது.

இன்று எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில், கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கலாம். போனைக் காட்டினால் ‘இன்றைய உணவு எப்படி?’ என்று கேட்கும். ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றைத் தொட வேண்டும். பெயர் சொல்ல வேண்டியதில்லை, யாரும் முறைக்கப் போவதில்லை. அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

அன்று வாய் திறப்பதற்கு விலை இருந்தது. 1920 டிசம்பரில் மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1921-இல் வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஆறு மாதம் நீண்டது. ஆகஸ்ட் 29 அன்று புளியந்தோப்பில் மறுபடியும் துப்பாக்கி வெடித்தது. இதற்கிடையே மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சங்கம் நடத்துபவருக்குச் சட்டக் காப்பு வேண்டும் என்ற குரல் அதிலிருந்து எழுந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. வேலைநிறுத்தம் தோற்ற மறு ஆண்டே, 1922-இல், அதே மில்லில் நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் குழு ஒன்று தொடங்கியது. நாட்டின் முன்னோடிக் குழுக்களில் அதுவும் ஒன்று. தொழிலாளி என்ன நினைக்கிறான் என்பது நிர்வாகத்துக்கும் தேவைப்பட்டது. அது சங்கத்தின் வழியாக வராமல் தன் மேஜைக்கு நேராக வர வேண்டும் என்று விரும்பியது போலும்.

ராயபுரத்துக்கு வடக்கே கரையோரமாக ஆலைகள் பெருகியது பிறகுதான். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் வளர்ந்து டயருக்கு வந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார்களின் பாகங்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரிலிருந்து புல்லட்டுகள் புறப்பட்டன. அதற்குள் 1947-இன் தொழில் தகராறுகள் சட்டம் வந்திருந்தது. நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. தொழிலாளர் பக்கத்து எண்ணிக்கை நிர்வாகத்தின் பக்கத்தைவிடக் குறையக் கூடாது என்பது விதி.

கமிட்டியில் சாம்பார் பேசப்பட்டது, சைக்கிள் ஸ்டாண்டுக் கூரை பேசப்பட்டது, கழிவறைத் தண்ணீர் பேசப்பட்டது. சம்பளமும் போனஸும் கேட்டுக்குப் போயின. முதல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போது கேட்டுக்கு எதிரே ஒரு ஸ்டூல், ஒரு கை மைக், நாலைந்து கொடி. உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் ஒரே இடத்தில் நின்று கேட்பான். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் ஜன்னலுக்கும் எட்டும்படிதான் மைக்கின் வாய் திருப்பப்பட்டிருக்கும். கேட் மீட்டிங் என்பது இதுதான். அங்கே பேசியதில் நாசூக்கு குறைவு, மிகை அதிகம். ஆனாலும் அந்தப் பேச்சு கடைசியில் ஒரு தாளில் போய் இறங்கியது. லேபர் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்தானால் ‘பன்னெண்டு மூணு’, இரு தரப்பும் நேரே பேசி முடித்தால் ‘பதினெட்டு ஒண்ணு’. சட்டப் பிரிவின் எண்கள் இவை. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் வீட்டுக் கதவு எண்ணைப் போல இவை மனப்பாடம்.

அந்த முறை கேட்காமல் விட்டதும் உண்டு. கூட்டத்தின் குரலில் தனி ஆளின் நுணுக்கம் கரைந்துபோகும். இந்த டூல் இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால் தோள் வலிக்காது என்பது கேட் மீட்டிங்கில் பேசுகிற விஷயம் இல்லை. ஃபோர்மேனிடம் சொன்னால் “நீ உன் வேலையப் பாரு” என்பார். பத்து வருடம் ஒரே மெஷினில் நின்றவனின் அறிவு அவனோடு ஓய்வு பெற்றுப் போயிற்று.

அந்த அறிவைத் திரட்டும் முறை வேறு தேசங்களிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் வில்லியம் டென்னியின் கப்பல் கட்டும் தளம் 1880-லேயே தொழிலாளரிடம் யோசனை கேட்டுப் பரிசு கொடுத்தது. டொயோட்டா 1951-இல் தன் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பானில் 1962-இல் தரவட்டங்கள் (குவாலிட்டி சர்க்கிள்) பிறந்தன. இந்தியாவுக்கு அவை 1980 வாக்கில் பெல் (BHEL) நிறுவனத்தின் வழியாக வந்தன. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றபோது, தொழிலாளியின் யோசனையைக் கேட்பது தரத்துக்கான வழி என்று மற்ற ஆலைகளும் பேசத் தொடங்கின.

இன்று உற்பத்திக் கூடத்தின் நடைபாதையில், சிறு மேம்பாடுகளைக் காட்டும் கைசன் பலகை தொங்குகிறது. இரண்டு போட்டோ: ‘முன்பு’, ‘பின்பு’. முன்பு தரையில் கிடந்த பெட்டி, பின்பு இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டாண்டின் மேல். கீழே யோசனை சொன்னவரின் படம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை குனிந்து நிமிர்ந்த முதுகுக்கு அந்த ஸ்டாண்டின் அருமை தெரியும். இதைச் சிறிய லாபம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பலகைக்கு ஒரு சுபாவம் உண்டு. நொடி மிச்சமானால் ஏறும், ஸ்கிராப் குறைந்தால் ஏறும். கன்வேயர் வேகம் தாங்கவில்லை என்பது அதில் ஏறாது. அன்று குறை சொல்ல கேட் இருந்தது, யோசனை சொல்ல இடமில்லை. இன்று யோசனைக்குப் பலகை, பெட்டி, ஆப் எல்லாம் இருக்கின்றன. குறைக்கான இடம் சுருங்கிவிட்டது.

துறைமுகத்தில் இந்த மாற்றம் ஒரே ஆண்டில் தெரிந்தது. மேஸ்திரி ஆள் பொறுக்கிய காலம் போய், 1948 சட்டத்தின்படி ஏற்பட்ட டாக் லேபர் போர்டில் அரசு, தொழிலாளர், கப்பல் தொழில் முதலாளிகள் மூவருக்கும் சம எண்ணிக்கையில் நாற்காலி இருந்தது. கேங்கில் எத்தனை பேர், ஷிப்டுக்கு எத்தனை டன் என்பதெல்லாம் அந்த மேஜைக்கு வந்தன. 2001-இல் அந்த போர்டு துறைமுகப் பொறுப்புக் கழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டு சென்னையின் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. அதே ஆண்டு எண்ணூரில் கம்பெனிச் சட்டத்தின் கீழ் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. மூட்டை சுமந்த முதுகுகள் ஓய்ந்தன. கிரேன் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்குகிறார். உடல் நோவு குறைந்தது பெரிய ஆறுதல். 1963 சட்டம் துறைமுக நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருவராவது வேண்டும் என்றது. 2021 சட்டத்திலும் ஊழியர்களுக்கு இரண்டு இடம் உண்டு. ஆனால் தனியார் முனையத்திலும் காண்டிராக்டிலும் வேலை செய்பவர் அந்த ஊழியர் கணக்கில் வரமாட்டார்.

சட்டம் தன் பங்குக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தின் 2010 திருத்தம் 20 பேர் உள்ள இடத்திலும் குறைதீர்க் குழு வேண்டும் என்றது. 45 நாளில் முடிக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அதை 30 நாளாக்கியது. குழுவில் பெண்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரச் சொல்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல், அபாயகரமான ஆலைகளில் உடனடி ஆபத்து என்று அஞ்சினால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்தது.

உரிமை இருக்கிறது, அதைச் சொல்ல மொழியும் வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அந்தச் சரிவின் காரணத்தை விசாரிப்பது பொறியாளர்களின் வேலை. ஆனால் உயரத்தில் நிற்பவனுக்கு ஒரு பொதுவான உண்மை தெரியும்: காலுக்குக் கீழே ஏதாவது ஆடினால் முதலில் உணர்வது அவன்தான். அதை அவன் யாரிடம், எந்த மொழியில் சொல்வான்? அன்று கேட்டில் பேசியவனும் கேட்டவனும் ஒரே தெருக்காரர்கள். இன்று ஒரே சாரத்தில் தமிழும் இந்தியும் ஒடியாவும் அசாமியும் நிற்கின்றன. ஆளை அனுப்பிய காண்டிராக்டர் வேறெங்கோ இருக்கிறார்.

பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. வடக்கே மெட்ரோ ரயில் விம்கோ நகர் என்று ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை அறிவித்துக் கதவைத் திறக்கிறது. ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் கூட்டம் இன்றும் நிற்கிறது. உள்ளே என்ன சரியில்லை என்பது முழுக்க அங்கே பேசப்படுகிறது, மூன்று நான்கு மொழிகளில், ஸ்டூலும் மைக்கும் இல்லாமல். யாரும் எழுதிக்கொள்வதில்லை. கேன்டீனில் சாப்பாட்டுக்கு நாலு நட்சத்திரம் போட்டவனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். சாப்பிட எத்தனை நிமிடம் கிடைத்தது என்று அந்த ஆப் அவனைக் கேட்கவில்லை.